சுவிஸ் மலைப்பாதைக்கு அனுமதிச் சீட்டா? காசு கொடுக்காதீர்கள்

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்தால் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் சுவிஸில் இருக்கிறேன். இருந்தும் ஏமாந்தேன்.

ஜூன் கடைசியில் சின்னம்மாவும் சித்தப்பாவும் கனடாவில் இருந்து வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாட்சப்பில் ஓர் அறிவித்தல்: பெர்னர் ஓபர்லாந்தில் மலைநடை, தமிழில் வழிகாட்டி, குடும்பமாக வரலாம், இரண்டே மணித்தியாலம். ஆளுக்கு 85 பிராங்க். அதோடு 'பாதை அனுமதிச் சீட்டு' என்று தலைக்கு 15. ஆறு பேருக்கும் சேர்த்து 600 பிராங்கை அனுப்பிவிட்டேன். சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, "அது என்ர கையில இருக்கு அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார் அந்த வழிகாட்டி.

அப்படி ஒரு சீட்டே கிடையாது. 1979இல் மக்கள் வாக்குப் போட்டு நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்த நாடு இது. ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. கேபிள் காருக்குக் காசு, வாகனம் நிறுத்தக் காசு, சரி. பாதையில் கால் வைக்க ஒரு சதம் வேண்டாம். இதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன் என்பது வேறு கதை.

காசு போனதைக்கூட விழுங்கிவிடுவேன். அந்தப் பலகைகளைத்தான் மறக்க முடியவில்லை.

புறப்பட்ட இடத்தில் மஞ்சள் பலகை, நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை. நாங்கள் போகிற இடத்துக்கு நேரே 3 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தது. கேட்டேன். "அது வயசான வெள்ளைக்காரருக்குப் போட்ட கணக்கு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். உண்மையில் அந்தக் கணக்கில் ஓய்வு நேரமே சேர்ப்பதில்லை. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கிறவருக்குப் போட்டது. சின்னம்மாவின் நடைக்கு ஐந்து மணித்தியாலம் பிடித்திருக்கும்.

ஒரு மணித்தியாலம் ஏறியதும் பாதை பிரிந்தது. ஒரு பக்கம் அதே மஞ்சள் பலகை. மற்றப் பக்கம் நீலப் பலகை, வெள்ளை-நீலம்-வெள்ளை. "குறுக்கு வழி" என்று நீலத்தில் இறங்கினார். இவ்வளவு காலமும் வெறும் மஞ்சள் பாதைகளில் நடந்த எனக்கு, நீலம் என்றால் ஏரிப் பக்கம் போகிறதாக்கும் என்று எண்ணம். சிரிக்காதீர்கள். வெறும் மஞ்சள் யாருக்கும். நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால், சறுக்காமல் கால் ஊன்றத் தெரிந்த, உயரத்துக்குப் பயப்படாத ஆட்களுக்கு. நீலம் ஆல்ப்ஸ் ஏறிப் பழகினவர்களுக்கு: பாதையே இல்லாத சரளைச் சரிவு, பனி, கை வைத்து ஏறும் பாறை எல்லாம் வரலாம்.

எங்களுக்குச் சரளையும் வந்தது, உருகாத பனியும் வந்தது. சின்னம்மா போட்டிருந்தது துணிச் சப்பாத்து. பாறையில் அடித்திருந்த சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டா. "கால் கூசுது பிள்ளை, என்னை விடு" என்றா. யாருக்கு அழைப்பது என்று வழிகாட்டியைக் கேட்டேன். பொலிஸுக்கு அடியுங்கோ என்றார். மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414 என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம் "கீழே அடுத்த குழு நிக்குது" என்று நடையைக் கட்டினார்.

தலைக்கவசமும் கயிறுமாக மேலே இருந்து இறங்கி வந்த இரண்டு பேர்தான் எங்களை மெல்ல மெல்லத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். முதலில் அவர்கள் பார்த்தது சின்னம்மாவின் சப்பாத்தைத்தான்.

போகிறவர்கள் சுவிஸ்டோப்போ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். எந்தப் பாதை எந்த வகை என்று வரைபடத்திலேயே தெரியும். யாராவது கூட்டிப்போவதாகச் சொன்னால், காசு அனுப்ப முன் பாதை என்ன நிறம் என்று கேளுங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் பத்து வீதம் கழிவு தருகிறேன் என்று ஒரு வரி வந்தது. போன கிழமை அந்த அறிவித்தல் மறுபடி வாட்சப்பில் வந்தது. அதே இரண்டு மணித்தியாலம், அதே சீட்டு. படத்தில், முதல் மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பது சின்னம்மா.