மீன் தொட்டியில் அம்மோனியா: ஃபில்டரா, தண்ணீர் மாற்றுவதா, செடியா, பாட்டில் மருந்தா?

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு பாட்டில் மருந்துதான். அதற்குக் காசு கொடுக்கும் முன் தொல்லை அம்மோனியாவிலா, நைட்ரைட்டிலா, நைட்ரேட்டிலா என்று பாருங்கள், ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்டே நல்லது. பல ஸ்ட்ரிப்களில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. குமரி மாவட்டத்தில் தொட்டி வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாராவாரம் தண்ணீர் மாற்றுவதும் முதலிடம், செடி கூடுதல் பலம், பாட்டில் அவசரத்துக்கு மட்டும்.

அம்மோனியாவில் பெரும்பங்கு மீனின் செவுள் வழியாகவே வருகிறது. மிச்சம், தின்னாமல் கிடந்து அழுகும் தீவனத்திலிருந்து. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதனால் முதல் இரண்டுக்கும் ஃபில்டரை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்றாவதை அது குறைக்காது, கூட்டத்தான் செய்யும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா நிலைக்க பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும், நம்ம ஊர்ச் சூட்டில் கொஞ்சம் முன்னாலேயே முடியலாம். இதைச் சீக்கிரமாக்க பாட்டில் பாக்டீரியா வாங்குவதா, நண்பர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குவதா என்றால், அந்தத் தொட்டியில் மீனுக்கு நோய் இல்லாதவரை நான் ஸ்பாஞ்சைத்தான் சொல்வேன். அதில் உயிருள்ள பாக்டீரியா இருப்பது உறுதி, பாட்டில் வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஸ்பாஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாகர்கோவில் வீடுகளில் குளோரின் இருக்கும், குழாயடியில் அலசினால் சேர்த்த பாக்டீரியா போய்விடும்.

தண்ணீர் மாற்றுவது மூன்றையும் குறைக்கும், ஆனால் எவ்வளவு மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயம். வாரத்துக்கு 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) நைட்ரேட் சேரும் தொட்டியில், நைட்ரேட்டே இல்லாத தண்ணீரால் வாரம் 25 சதவீதம் மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் மாற்றும் நாளன்று அளவு 40-இல் போய் நிற்கும். 50 சதவீதம் மாற்றினால் 20-இல் நிற்கும். வாழைத் தோட்டத்துப் பக்கத்துக் கிணறு, உரம் இறங்கி அந்தத் தண்ணீரிலேயே 20 பிபிஎம் இருக்கிறது என்றால், இரண்டோடும் அந்த 20-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதனால் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்.

இதைவிட முக்கியம் பிஎச், அதாவது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சரளைமண் கிணறுகளில் தண்ணீர் மென்மையாக, புளிப்புப் பக்கம் சாய்ந்து இருப்பது சாதாரணம். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச காரத்தையும் தின்றுவிடும், பிஎச் 6-க்கு இறங்கும், அந்த நிலையில் பாக்டீரியாவே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா ஏறும். ஆனாலும் மீன் நன்றாகவே நீந்தும், ஏனென்றால் பிஎச் குறைவாக இருக்கும்போது அது அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியம் வடிவில் இருக்கிறது. பிஎச் ஒன்று கூடினால் விஷ வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். அப்படிப்பட்ட தொட்டியில் பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் என்ன ஆகும்? "தண்ணி மாத்தின அன்னைக்கே மீன் செத்துப்போச்சு" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மாதக்கணக்கில் மாற்றாத தொட்டி என்றால் தினம் 10 சதவீதம் என்று மெதுவாக மாற்றுங்கள். சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் போட்டு வைத்தால் பிஎச் இப்படி விழாது.

செடிகள் அம்மோனியத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும், நைட்ரைட் கட்டத்துக்கே விடாது. அது பெரிய லாபம். குளத்துப் பாசி சும்மா கிடைக்கிறது, ஆனால் அதோடு அட்டையும் தட்டான் புழுவும் சேர்ந்து வரும், தட்டான் புழு கப்பிக் குஞ்சுகளைத் தின்றுவிடும். மணி பிளான்ட்டின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த வழி, இலை வெளியே இருப்பதால் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்ஸைடு கிடைத்து வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை இழுக்கும். கோல்ட் ஃபிஷும் ஆஸ்கரும் நிறைந்த தொட்டிக்கு மட்டும் செடியை நம்பாதீர்கள், போதாது.

சரி, பாட்டில் மருந்தும், அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் ஜியோலைட் கல்லும். தண்ணீர் மாற்ற முடியாத ஒரு ராத்திரிக்கு இரண்டும் கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது, அதற்கு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு நல்ல முதலுதவி, புத்தளம் உப்பளத்துச் சாதாரணக் கல்லுப்பே போதும். ஆனால் ஜியோலைட் உள்ளே கிடக்கும்போது உப்புப் போட்டால், அது பிடித்து வைத்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரில் விடும். முதலில் கல்லை வெளியே எடுங்கள், அப்புறம் உப்பு.

கேனிஸ்டர் ஃபில்டரா (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா), ஸ்பாஞ்சா என்று கேட்பவர்களுக்கு நான் 2017 ஒக்கிப் புயலை நினைவூட்டுவேன். கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் இருக்கிறது, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று இருந்தால் அதன் வேலை நிற்காது. மூடிய கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்து உள்ளே அழுக ஆரம்பிக்கும், கரன்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் போகும். கேனிஸ்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், நீண்ட நேரம் கரன்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், திரும்ப வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, தொட்டித் தண்ணீரால் மீடியாவை (பாக்டீரியா குடியிருக்கும் ஸ்பாஞ்ச், கல் போன்றவை) அலசிவிட்டு ஓடவிடுங்கள், அடுத்த ஒரு வாரம் தீவனத்தைப் பாதியாக்கி அம்மோனியாவைத் தினம் பாருங்கள்.