ஹைட்ராலிக் ஆயில் அளவு: லிட்டர் கணக்கா, கம்பிக் கணக்கா?

மினி டிராக்டரில், பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் லிஃப்ட்டுக்கு ஆயிலை வடிகட்டித் தரும் ஹைட்ராலிக் ஃபில்டரை மாற்றியதும் ஆயில் அளவைச் சரிபார்க்க எங்கள் பக்கம் இரண்டு வழக்கம். மேனுவலில் போட்டிருக்கும் லிட்டரை அளந்து ஊற்றி மூடியைத் திருகிவிடுவது ஒன்று. டிப்ஸ்டிக் என்னும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை விட்டுப் பார்த்துக் கோட்டுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. நான் கம்பியின் பக்கம்தான். ஆனால் கம்பியை எப்போது விடுகிறோம் என்பது முக்கியம்.

முதலில் லிட்டர் கணக்கு. மேனுவலில் இருப்பது பெரும்பாலும் பெட்டி (கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் நிற்கும் பெட்டி) முழுக்கக் காலியாக இருந்தால் பிடிக்கும் அளவு. ஆயிலை இறக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் இறங்கிவிடாது. கியர் இடுக்கிலும் ஆக்சில் பக்கமும் கொஞ்சம் தங்கும். அதன்மேல் முழு லிட்டரையும் ஊற்றினால் அளவு கூடிவிடும். கியர் அதைக் கடைந்து நுரையாக்கும், வண்டி சூடேறும், சீல் வழியாகக் கசியத் தொடங்கும். இதைவிட நல்ல வழி, இறங்கிய ஆயிலைக் கேனில் அளந்து அதே அளவை முதலில் ஊற்றுவது. பழைய அளவே குறைவாக இருந்திருந்தால் இதுவும் குறைவாகத்தான் முடியும். ஃபில்டரை மட்டும் மாற்றியவருக்கோ லிட்டர் கணக்கு உதவவே உதவாது.

கம்பியும் தவறாகக் காட்டும். போன வருடம் ஒரு பட்டறையில் ஃபில்டர் மாற்றினேன். ஆயில் ஊற்றியதும் கம்பியை விட்டார்கள், மேல்கோட்டில் நின்றது. திருப்தியாக ஓட்டி வந்தேன். மறுநாள் மஞ்சள் வெட்டிய காட்டில் ரொட்டவேட்டரைத் தூக்கினால் லிஃப்ட் நடுங்கி நடுங்கி ஏறியது. தண்ணீர் வற்றிய போரில் மோட்டார் காற்றை இழுக்குமே, அப்படி ஒரு சத்தம் பம்பிலிருந்து. நிறுத்திக் கம்பியை எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஈரம். கோட்டுக்குக் கொண்டுவர முக்கால் லிட்டர் பிடித்தது.

காரணம் எளிது. புது ஃபில்டர் காலியாக இருந்தது, குழாய்களில் காற்று இருந்தது. இன்ஜினைப் போட்டதும் பம்பு ஆயிலை இழுத்து அவற்றை நிரப்பியது, பெட்டியில் அளவு இறங்கிவிட்டது. ஆகவே ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்க்கும் கம்பி, ஸ்டார்ட் பண்ணலாமா என்பதற்கு மட்டுமே பதில் சொல்லும்.

இப்போது நான் செய்வது இது. சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, லிஃப்ட்டை நாலைந்து முறை ஏற்றி இறக்குவேன். பிறகு லிஃப்ட்டைக் கீழே விட்டே இன்ஜினை நிறுத்துவேன். மேலே இருந்தால் சிலிண்டருக்குள் நிற்கும் ஆயில் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லர் மாட்டியிருப்பவர்கள் தொட்டியையும் இறக்கிவிட வேண்டும். பத்து நிமிடம் நுரை அடங்கவிட்டு, கம்பியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுப்பேன். பனியன் வேஸ்ட்டில் துடைத்தால் நூல் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், பழைய வேட்டித் துணி நல்லது. மரையுள்ள கம்பியை முழுக்கத் திருகிப் பார்ப்பதா, சும்மா உட்காரவைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு மட்டும் மேனுவலைப் பாருங்கள், ஒரு விரற்கடை வித்தியாசம் வரும்.

இன்னொரு தரப்பு, காட்டில் ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாமே என்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ஆயில் சூட்டில் விரியும்: ஒரு லிட்டருக்கு 10 டிகிரி கூடினால் சுமார் 7 மில்லி. 15 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 70-க்குப் போனால் 400 மில்லிக்கு மேல் கூடுதலாகத் தெரியும். ஃபில்டர் குடித்த அரை லிட்டர் குறைவை இந்த விரிவே பெருமளவு மறைத்துவிடும். சூடான வண்டியில் கோடு சரி, காலையில் குறைவு.

கம்பிக்குப் பதில் பெட்டியில் ஆயில் தெரியும்படி சின்னக் கண்ணாடி வைத்த வண்டிகளில் குனிந்தாலே அளவு தெரிந்துவிடும், வசதிதான். ஆனால் கண்ணாடி முழுக்க நிரம்பினாலும் முழுக்கக் காலியானாலும் நடுவில் கோடு இருக்காது. பழைய கறை படிந்திருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கம்பியோ கண்ணாடியோ இல்லாமல், அளவுத் துளையை மூடும் லெவல் நட்டு மட்டும் உள்ள வண்டியில் துளைவரை ஆயில் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும், எவ்வளவு குறைவு என்று தெரியாது.

கம்பியில் அளவோடு ஆயிலின் குணமும் தெரியும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் போதும். பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கருகிய வாடை அடித்தால் சூடேறிய ஆயில்.

குறைந்தால் கால் கால் லிட்டராகவே ஊற்றுங்கள். கூடிப்போனால் இறக்குவது பெரிய வேலை. மறுநாள் காலை ஆறிய வண்டியில் இன்னொரு முறை கம்பியைப் பாருங்கள், அப்படியே ஃபில்டருக்கு அடியில் விரலை வைத்துத் தடவுங்கள். விரல் நனைந்தால், பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருக்க வாய்ப்புண்டு. கழற்றிப் பார்த்துவிடுங்கள்.