உப்புத் தண்ணீரில் கார்ப்பெட் சலவை: ஒரு மேட்டூர்க்காரியின் அனுபவம்

எங்கள் வாடகை வீடு லண்டன் ஹாரோவில். மாடிப்படி உட்பட வீடு முழுக்கக் கார்ப்பெட், அதுவும் வெளிர் பழுப்பு. இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் வாழ்நாளில் சாம்பார் சாப்பிட்டிருக்க மாட்டார். ஊரில் பவானி ஜமக்காளத்தை உதறி, வெயிலில் போட்டு, மடித்து வைத்துப் பழகியவள் நான். தரையோடு தரையாக அடித்து வைத்த விரிப்பை எப்படி உதறுவது என்று ஒன்பது வருடமாகியும் பிடிபடவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு ஷாம்பூ போட்டுக் கழுவினோம். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. மூன்றே வாரத்தில், அடுப்படியிலிருந்து சோபா வரை நாங்கள் நடக்கிற தடம் மட்டும் ஒற்றையடிப்பாதை மாதிரிக் கறுத்துவிட்டது. நடந்தால் சாக்ஸ் லேசாக ஒட்டியது. சோப்பைச் சரியாக அலசி எடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். காய்ந்த பிசுக்கு, போகிற வருகிற கால் அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது மகன் தவழ ஆரம்பித்திருக்கிறான். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகிறது. அதனால் "கெமிக்கலே கிடையாது, மின்பகுப்பு செய்த தண்ணீர் மட்டும்" என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். கூடம், இரண்டு படுக்கையறை, மாடிப்படி எல்லாம் சேர்த்து 140 பவுண்டு. ஷாம்பூக்காரர்கள் வாங்கியதைவிட 30 பவுண்டு அதிகம்.

வந்தவர் யாழ்ப்பாணத் தம்பி ஒருவர். வேனிலிருந்து இரண்டு நிறக் கேன்களை இறக்கினார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உப்பும் தண்ணியும் கரண்டும்தான் அக்கா. வேற ஒண்டும் இல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது மேட்டூர். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் என்ன வரும் என்று எனக்குப் பாடப்புத்தகம் வேண்டாம், அப்பா அங்கே கெமிக்கல் ஆலையில் சம்பளம் வாங்கியதே அந்த வேலைக்குத்தான். ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். தம்பி தன் கராஜில் வைத்திருக்கும் பெட்டி அந்த ஆலையின் குட்டி. நடுவில் ஒரு சவ்வு இருக்கும். எதிர்மின்வாய்ப் பக்கம் வருவது காரத் தண்ணீர், அதாவது ரொம்பவே நீர்த்த காஸ்டிக் சோடா. நேர்மின்வாய்ப் பக்கம் வருவது ஹைப்போகுளோரஸ் அமிலம் கலந்த தண்ணீர். முன்னது அழுக்கை இளக்கும், பின்னது கிருமியைக் கொல்லும். நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள்கூடக் கிருமிகளை அழிக்க இதே அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன. ஆக, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கெமிக்கல் இல்லை என்பது சுத்தப் பொய். கேனைத் திறந்ததும் வந்த நீச்சல்குள வாசனையே அதைச் சொல்லிவிட்டது. "பிசுக்கு மிஞ்சாது" என்று விளம்பரம் போட்டால் நானே சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்.

இதைத் தம்பியிடமும் சொன்னேன். "முதலாளி அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர் அக்கா" என்று சிரித்தார். நாள்பட்டால் வீரியம் குறைந்துவிடும் என்பதால் காலையில் எடுத்த தண்ணீரை அன்றே தீர்த்துவிடுவாராம். வெயில் பட்டாலும் கெட்டுவிடும். அதனால்தான் கேன்களுக்கு உள்ளே வெளிச்சம் புகாத நிறம்.

வேலை சுத்தம். முதலில் அரை மணி நேரம் வெறும் வேக்குவம். நேற்றுத்தான் நான் வேக்குவம் போட்டிருந்தேன், இருந்தும் அவர் டப்பாவில் கால்படி மண்ணும் முடியும் சேர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் காரத் தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, உருளை பிரஷ் ஓட்டி, கடைசியில் சுடுதண்ணீர் விட்டு உறிஞ்சினார். தொட்டியில் சேர்ந்த தண்ணீர் கருப்பட்டிக் காபி நிறம்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் தெளித்தபோதுதான் வேடிக்கை நடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் கண்ணெதிரே குபுகுபுவென்று சிவந்தது. தம்பி பதறி, "அக்கா, ரத்தமே?" என்றார். ரத்தமும் இல்லை ஒன்றுமில்லை. போன மாதம் கொட்டிய சாம்பார், துடைத்துத் துடைத்து மங்கலாகியிருந்த மஞ்சள் கறை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பிஎச் தாள் எதுவும் இல்லாமலே தண்ணீர் எவ்வளவு காரம் என்று என் சாம்பார் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதன்மேல் மற்ற கேனின் தண்ணீரைத் தெளித்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நான் உற்சாகத்தில் வினிகர் பாட்டிலை எடுத்துவிட்டேன். நல்லவேளை, குளோரின் சேர்ந்த தண்ணீரில் வினிகரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும் என்று அப்பா குரல் காதில் கேட்டது. பாட்டில் அலமாரிக்கே போய்விட்டது. நீங்களும் இந்த வித்தையை முயல வேண்டாம்.

இனி என் மனக்குறை. மாமனார் தந்த கம்பளி விரிப்பு ஒன்று, உத்தரப் பிரதேசத்துப் பதோகியில் நெய்தது, கூடத்தில் கிடந்தது. தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் அதன்மேலும் காரத் தண்ணீரோடு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தாத குறை. கம்பளி என்பது ஆட்டின் முடி. காரமும் குளோரினும் அதற்கு ஆகவே ஆகாது, மஞ்சளித்து முரடாகிவிடும். வீட்டுக் கார்ப்பெட்டும் கம்பளியோ என்று அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து லைட்டரில் காட்டச் சொன்னேன். உருகி மணியாகத் திரண்டது, மெழுகு வாசனை. பாலிப்ரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழை, தப்பித்தோம். கம்பளியாக இருந்திருந்தால் கருகிய முடி நாற்றம் வந்திருக்கும். இந்தச் சோதனையை வந்தவுடன் செய்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் சொல்லியா செய்வது?

அடுத்தது எண்ணெய். பூஜை அலமாரிக்குக் கீழே நல்லெண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிய ஒரு வட்டம். அன்றைக்குப் போய்விட்ட மாதிரித்தான் இருந்தது, மூன்றாம் நாள் காலையில் மறுபடி எட்டிப் பார்த்தது. அடியில் தங்கிய எண்ணெய், நூல் காயக் காய மேலே ஏறிவிட்டது. கூப்பிட்டதும் மறுநாளே வந்தார், காசு வாங்கவில்லை. குறுகுறுவென்று பார்த்துவிட்டு, "இதுக்குச் சோப்புத்தான் அக்கா வேணும்" என்று வேனிலிருந்து சாதாரண சோப்புக் கரைசலை எடுத்து வந்தார். அந்த நேர்மைக்கே பாதி கோபம் போய்விட்டது. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை அலசச் சொன்னேன்.

வீட்டைக் காலி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2019-இல் வந்த வாடகைக் கட்டணச் சட்டத்தின்படி, ஆள் வைத்துக் கார்ப்பெட் கழுவியே ஆக வேண்டும் என்று ஏஜென்ட் உங்களைக் காசு கட்டச் சொல்ல முடியாது. குடிவந்தபோது இருந்த சுத்தத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். ரசீது கேட்டு மிரட்டினால் மிரளாதீர்கள்.

இன்றோடு ஆறு வாரம். நடைதடம் கறுக்கவில்லை, சாக்ஸ் ஒட்டவில்லை, பையன் நாள் முழுக்க அதில்தான் புரள்கிறான். மேசைக்கு அடியில் மஞ்சள் எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அடுத்த வருடமும் இதே தம்பியைத்தான் கூப்பிடுவேன். கம்பளி விரிப்பை முந்தின நாளே சுருட்டி மாடியில் வைத்துவிடுவேன். விளக்குக்கு அடியில் இப்போதே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தாயிற்று.