ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின்: நெட்வொர்க்குக்கு மட்டும் போதும்

2023 ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் என் வீட்டுக் கணினியின் மதர்போர்டு போயிற்று. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் புதுப் போர்டு மாட்டி, பழைய பென் டிரைவ் ஒன்றிலிருந்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் லேன் கேபிளைச் செருகினேன். இணைப்பு வரவில்லை. கடைக்குப் போன் செய்தால், "ஆள் அனுப்புகிறேன் சார், ஐந்நூறு ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். கணினி வீட்டுக்கு வந்து முழுதாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை!

ஓய்வுபெற்ற எழுத்தருக்குக் கோபமும் உண்டு, நேரமும் உண்டு. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ஈதர்நெட் கண்ட்ரோலர் என்ற வரியின் மேல் மஞ்சள் முக்கோணம். உள்ளே கோட் 28, அதாவது அந்தப் பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளே இல்லை. டீட்டெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி: வென்_10இசி, டெவ்_8125. முதல் எண் ரியல்டெக் நிறுவனத்துடையது. இரண்டாவது அவர்களுடைய 2.5 ஜிகாபிட் லேன் சிப். மருந்தின் பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் அது இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக அந்த மருந்து வேண்டும்.

டிரைவர் மென்பொருள்களில் ஏற்கெனவே சூடுபட்டவன் நான். பழைய லேப்டாப்பில் பதினேழு டிரைவர்கள் ஆபத்தில் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் மிரட்டிய ஒன்று, சரிசெய்யப் பொத்தானை அழுத்தியதும் சந்தா கேட்டது. கணினிக்கு வேண்டிய டிரைவரைக் கண்டுபிடித்துப் போட்டுத்தரும் ஸ்னாப்பியில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம், திறமூலம், விளம்பரம் கிடையாது. நிறுவவும் வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும்.

தங்கை மகளின் லேப்டாப்பில் அதை இறக்கினேன். முதன்முறை திறந்ததும் கேட்கிறது: எல்லா டிரைவர் தொகுப்புகளும் வேண்டுமா, நெட்வொர்க் தொகுப்புகள் மட்டுமா, எதில் எது இருக்கிறது என்ற அட்டவணை மட்டுமா? இருக்கட்டுமே என்று எல்லாம் என்றேன். அது பல பத்து ஜிபி என்பதும், டோரண்ட் வழியாக, அதாவது பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக வரும் என்பதும் அப்போது தெரியாது. அவளுடைய ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். காபி ஆறுவதற்குள் தீர்ந்தது. அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் நெட்வொர்க் தொகுப்புகளை மட்டும் எடுத்து, பென் டிரைவை என் கணினியில் செருகினேன். பட்டியலில் ரியல்டெக் வரி வந்தது. அதை டிக் செய்தேன், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பாயிண்ட் உருவாக்கும் கட்டத்தையும் டிக் செய்தேன், இன்ஸ்டால். மஞ்சள் முக்கோணம் மறைந்தது. மீதியை விண்டோஸ் அப்டேட்டே பார்த்துக்கொண்டது.

குறை என்றால் முகப்புதான். எழுத்து பொடிப்பொடியாக நெருக்கியடித்து நிற்கிறது. வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் தேர்வுசெய்யும் பொத்தானும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது, தொடாதீர்கள். ஒழுங்காக ஓடும் டிரைவரை, புதியது வந்திருக்கிறது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. கிராபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுப்பதே நல்லது.

எல்லாம் முடிந்து பெருமையடித்துக்கொண்டிருந்தபோது தங்கை மகள் கேட்டாள்: "மாமா, உங்கள் போனைக் கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் போட்டிருந்தால் நேற்றே நெட் வந்திருக்குமே?"

பிறகு போட்டுப் பார்த்தேன். வருகிறது.