பழைய ரோபோ கை: ஓடவைப்பதா, உதிரியாக்குவதா?

1980-களின் தொடக்கத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் மேசைமேல் வைக்கும் ரோபோ கைகள் வந்தன. பிரிட்டனின் ஆர்ம்டிராய்டு, அமெரிக்காவின் மினிமூவர்-5, கொஞ்சம் கனமான ரைனோ எக்ஸ்ஆர் என்று பல. அப்படி ஒன்று தூசியும் துருவுமாகக் கைக்கு வந்தால் மூன்று வழிகள் உண்டு: பழையபடியே ஓடவைக்கலாம், பிரித்து உதிரி எடுக்கலாம், அல்லது உடம்பை வைத்துக்கொண்டு மூளையை, அதாவது கட்டுப்படுத்தும் மின்சுற்றை, மட்டும் மாற்றலாம்.

பார்த்தவுடன் பலரும் கைவிடுவது மின்சுற்றைக் கண்டுதான். பச்சை பூத்த போர்டு, இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் சேராத கனெக்டர், கையேடும் இல்லை. சரி, பிரித்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். என் கணக்கு நேர் எதிர். போர்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முடிவைச் சொல்ல வேண்டியது கியரும் மூட்டும்.

அதனால் முதல் சோதனைக்கு மின்சாரமே வேண்டாம். ஒவ்வொரு மூட்டையும் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். (வார்ம் கியர், அதாவது திருகு வடிவப் பல்சக்கரம், உள்ள மூட்டு அப்படித் திரும்பாது, பலவந்தப்படுத்தினால் இருக்கிற பல்லும் போய்விடும்.) ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது, அவ்வளவுதான்; துடைத்துப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ‘டக்’கென்று தட்டினால் பல் உடைந்திருக்கும், அல்லது மோட்டார் தண்டில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். இந்த விரிசல் பெரும்பாலும் பல்லின் அடியில், மயிரிழை அளவில் இருக்கும். லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது.

பெல்ட்டும் முக்கியம். பழைய கைகளில் எம்எக்ஸ்எல் வகைப் பல் பெல்ட் இருக்கலாம். பல்லுக்குப் பல் இடைவெளி 2.032 மி.மீ. இன்று முப்பரிமாண அச்சு இயந்திரங்களால் எங்கும் கிடைப்பது 2 மி.மீ. ஜிடி2. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 100 பல் கணக்கில் பாருங்கள்: 203.2-க்கு 200. பல்லின் வடிவமும் வேறு. புதிய பெல்ட்டைப் பழைய சக்கரத்தில் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் ஏறித் தாண்டும். மாற்றுவதானால் பெல்ட்டையும் சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். பழையபடியே ஓடவைப்பது சாத்தியமா என்பதை, மூளை எங்கே இருந்தது என்பதே தீர்மானிக்கிறது. ஆர்ம்டிராய்டு, மினிமூவர் இரண்டிலும் ஸ்டெப்பர் மோட்டார்கள்தான், அதாவது படிப்படியாகத் திரும்பும் வகை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை வெளியே இருந்த கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு அனுப்பியது. கைக்குள் தொலைந்துபோக மென்பொருள் இல்லாததால், அந்தக் கம்ப்யூட்டரின் இடத்தில் ஆர்டுவினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டை உட்காரவைக்கலாம். ரைனோவின் கதை வேறு. அதில் என்கோடர் (தண்டு எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் உணரி) வைத்த டிசி மோட்டார்கள். கன்ட்ரோலருக்குத் தனி பிராசசர் உண்டு, ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும். அந்தப் பெட்டியில் உள்ள ஈப்ரோம் சிப்பில் (நிரலைப் பதிந்துவைக்கும், புற ஊதா ஒளி பட்டால் அழியும் நினைவகம்) தரவு அழிந்திருந்து, வேறு பிரதியும் கிடைக்காவிட்டால், ‘பழையபடி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய கன்ட்ரோலர் கிடைத்தால் முதல் வேலை ஈப்ரோமைப் படித்து நகல் எடுப்பது. அதன் கண்ணாடி ஜன்னல்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். மின்சாரத்தையும் நேரடியாகக் கொடுக்க வேண்டாம். தொடரில் ஒரு குண்டு பல்பை இணைத்துக் கொடுத்தால், பழைய கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தாலும் பல்பு பிரகாசமாக எரியுமே தவிர போர்டு புகையாது.

உதிரி எடுப்பவர்களுக்கு ஒரு கசப்பான உண்மை. இந்தக் கைகளின் பொறியியல் பாகங்களில் இல்லை, அவை சேர்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பேரிங்குகள், தேய்த்து மெருகேற்றிய தண்டுகள், என்கோடர்கள் தேறும். மோட்டார்களோ பெரும்பாலும் இன்றைய புதிய மோட்டாருக்கு ஈடாகாது. கழற்றியவை டப்பாவிலேயே கிடக்கும், நமக்கும் தெரியும். ஸ்டெப்பர் மோட்டாரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ரோட்டாரை வெளியே இழுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பழைய ரகங்கள் பலவற்றில் காந்தம் அதிலேயே வலுவிழந்துவிடும். சட்டம் வளைந்து, கியர்களும் மாற்றுக் கிடைக்காத அளவில் இருந்தால் மட்டுமே உதிரி சரியான முடிவு.

மீதிப் பேருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, மூளையை மட்டும் மாற்றுவது. ஆறு கம்பி ஸ்டெப்பர் என்றால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஒரு சுருளின் மூன்று கம்பிகளில் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்தடையில் பாதி, நடுக்கம்பிக்கும் ஒரு முனைக்கும் இடையே வரும். நடுக்கம்பிகளைச் சும்மா விட்டு, முனைகளை மட்டும் ஏ4988 போன்ற மோட்டார் டிரைவர் சிப்பில் கொடுத்தால் மோட்டார் ஓடும். முழுச் சுருளும் வேலை செய்வதால் மெதுவான ஓட்டத்தில் விசை கூடும். ஆனால் சுருளின் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதைத் தடுக்கும் குணம்) நான்கு மடங்காவதால் வேகம் கூடும்போது விசை சரிந்துவிடும். இந்தக் கைகள் என்றுமே அவசரக்காரர்கள் இல்லை என்பதால் அது பெரிய நஷ்டமில்லை. ஒரே நிபந்தனை: சட்டத்தில் துளை போடாதீர்கள், கழற்றிய போர்டுகளைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். பின்னாளில் யாராவது மூல வடிவுக்குத் திருப்ப நினைத்தால் முடிய வேண்டும்.

விதிவிலக்கு, டோமி நிறுவனத்தின் ஆர்மட்ரான். அது முழுக்க முழுக்க ஒரே ஒரு மோட்டாரில் ஓடும் பொம்மை. எல்லா அசைவும் கியர்களைச் சேர்த்துப் பிரிப்பதில் நடக்கிறது. மாற்ற மூளையே கிடையாது. பேட்டரி முனைகளின் துருவைச் சுரண்டிப் பாருங்கள், பல சமயம் கோளாறு அங்கேதான்.

துல்லியமாகப் பொருள் எடுத்துவைக்க ஒரு கை வேண்டும், அதுதான் தேவை என்றால் மூன்று வழியும் வேண்டாம். புதிதாக ஒன்று வாங்குங்கள். கம்பிவடத்தில் ஓடும் பழைய கைகளில் வடம் நீளும், நிலை நகரும், அடிக்கடி இழுத்துக்கட்ட வேண்டும். ஒரே மாடலில் இரண்டு பழுதான கைகள் கிடைத்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம்: நல்ல மூட்டுகளை எல்லாம் ஒன்றில் சேர்த்து ஓடவிடுங்கள், மற்றதை அதற்கு உதிரியாக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.