வாடகையைச் சொல்லும் முன் ஈபி கார்டைக் காட்டிய சேலத்து புரோக்கர்

சேலத்தில் குடும்பத்தோடு குடியேற நினைக்கிறவர்களுக்கு ஒரு வீட்டு புரோக்கரைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போர்டு எதுவும் கிடையாது. பெயரையும் நம்பரையும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார், அதனால் புரோக்கர் அண்ணன் என்றே எழுதுகிறேன். கமிஷன் ஒரு மாத வாடகை. பத்து பைசா குறைக்க மாட்டார். அந்தக் காசுக்கு வேலை செய்கிறாரா என்றால், செய்கிறார். சில விஷயங்களில் எரிச்சலும் மூட்டுவார், அதையும் சொல்கிறேன்.

2024 மே மாதம் என் வீட்டுக்காரருக்கு ஐந்து ரோடு பக்கம் இருக்கிற கிளை அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. சென்னை மடிப்பாக்கத்தில் 22,000 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம், கோடையில் தண்ணீர் லாரிக்குத் தனியாக. நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன், ஆகவே பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் நான்தான். மாமியாருக்கு வீசிங். எட்டாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. அந்தக் கோடையில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது, செய்தியில் தினமும் ஊர் பேர் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: "சேலத்துல ஏன் வேகணும்? மேல ஏற்காட்டுல வீடு பிடிச்சுட்டு இவரு கீழ வேலைக்கு வந்து போகட்டுமே." மாமியாருக்கும் அதில் ஆசை இருந்தது. மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

புரோக்கர் அண்ணனிடம் முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது அவர் நேரம்தான். கோடையில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள்தான் வீடு காட்டுவார். காலையில் வருகிறோம் என்றால், "காலைல எந்த வீடும் நல்லாத்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அவர் டிவிஎஸ் எக்ஸல் முன்னால் போக, நாங்கள் வாடகை காரில் பின்னால் போனோம்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீடு. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, 17,000 வாடகை. மார்பிள் தரை, மாடுலர் கிச்சன், பெரிய பால்கனி. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவர் வாடகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கீழே மீட்டர் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், பிளாஸ்டிக் உறையில் தொங்கிய ஈபி கார்டை எடுத்துக் கையில் கொடுத்தார். ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நீல பேனாவில் எழுதி வைத்த வரிசை. ஜனவரியில் 310 யூனிட், 720 ரூபாய். மே மாதத்தில் 780 யூனிட், 4,370 ரூபாய். "வீட்டுக்கு ஜுரம் எவ்வளவுன்னு இதுல பாத்துக்கங்க" என்றார்.

சம்பளக் கணக்கு பார்க்கிறவள் என்பதால் எனக்கு அந்த இரண்டு வரியும் உறைத்தது. யூனிட் இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது, பணம் ஆறு மடங்கு ஏறியிருக்கிறது. காரணம் அப்போதிருந்த மின்கட்டண முறை. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்கக் கூடாது. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில் பாதி விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகளும் விலை ஏறிவிடும். அப்படியானால் கோடையில் ஒரு வீட்டை 500-க்குள் வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. வாடகையில் ஆயிரம் குறைகிறதே என்று மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டை எடுத்தால் அந்த ஆயிரம் ஏசியில் போய்விடும்.

திரும்ப மேலே போனோம். மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் கையை வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரரை ஸ்டூலில் ஏற்றிச் சீலிங்கையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோசைக்கல் மாதிரி என்றெல்லாம் மிகைப்படுத்தவில்லை, ஆனால் கையை அங்கேயே வைத்திருக்க மனசு வராத சூடு. பகல் முழுக்க காங்கிரீட் வாங்கி வைக்கிற சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் விடும், அப்போதுதான் பிள்ளைகள் தூங்குகிற நேரம். சேலத்தைச் சுற்றிப் பார்த்தால் வடக்கே சேர்வராயன் மலை, நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை. கடல்காற்று வந்து ஆற்றிவிடும் என்று மடிப்பாக்கத்தில் சாயங்காலம் நாலு மணிக்குக் காத்திருப்போமே, அந்தக் கதை இங்கே கிடையாது. அதற்குப் பதில் புழுக்கம் குறைவு. வேர்வை காய்கிறது. சென்னை வெயிலை விட டிகிரி கூடுதல், பிசுபிசுப்பு குறைச்சல். எனக்கு இது பரவாயில்லை. மாமியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏற்காட்டு வீட்டுக்கு அவரே கூட வந்தார். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பார்கள். அந்தக் கணக்கு தப்பவில்லை, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டினதும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டோம், சின்னவன் வாந்தி எடுத்து முடித்திருந்தான். ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு, சுற்றிலும் சில்வர் ஓக், மிளகுக் கொடி. வாடகை 13,000. ஈபி கார்டைப் பார்த்தேன். கோடையிலும் 200 யூனிட்டைத் தொடவில்லை. ஃபேன் கூட ஓடாத வீடு. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை.

புரோக்கர் அண்ணன் அலமாரியைத் திறந்து காட்டினார். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஒரு தோல் பெல்ட் உள்ளே கிடந்தது. அதன் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, பஞ்சு ஒட்டினது போல. அலமாரிப் பலகையிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் ஈர வாசனை. "ஐப்பசி கார்த்திகைல துணி காய ரெண்டு நாள் ஆகும். அம்மாவுக்கு வீசிங்குன்னீங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்றார். கேட்டோம். பூஞ்சையும் ஈரமும் இருக்கிற வீடு வீசிங்குக்கு ஆகாது என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். குளிர் வேறு, ஈரம் வேறு. டூரிஸ்டாகப் போய் ராத்திரி தங்கி வருகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

பணக் கணக்கும் அங்கே வேறு வழியில் ஏறியது. ஐந்து ரோட்டுக்குப் போய் வர அறுபது கிலோமீட்டருக்கு மேல். அப்போது பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. மலையில் எங்கள் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தாலே அதிகம். ஒரு நாளைக்கு 500 ரூபாய், மாதம் 25 நாளுக்கு 12,500. இரண்டாவது வாடகை அது. பிரேக் ஷூ, கிளட்ச் எல்லாம் இதில் சேரவில்லை. அப்புறம் வெந்நீர். வருஷம் முழுக்க வேண்டும், கீழே மூன்று மாதம் கேட்டால் அதிகம். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் வேகாமல் நேரம் பிடிக்கும். குக்கர் வைத்துச் சமாளிக்கலாம், சிலிண்டர் சீக்கிரம் தீர்வதைச் சமாளிக்க முடியாது. பள்ளி என்று பார்த்தால் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் மாதிரிப் பேர் பெற்றவை அங்கே இருக்கின்றன, ஆனால் மாதச் சம்பளக்காரர் விசாரிக்கிற கட்டணம் அது அல்ல. அரசு மருத்துவமனை மேலேயே இருக்கிறது. நெஞ்சுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமென்றால் இறங்க வேண்டியதுதான், அதுவும் வீசிங் என்றால் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு.

ஏற்காட்டில் வாழவே முடியாது என்று சொல்லவில்லை. வேலையும் மேலேயே இருந்து, வெயில் விழுகிற பக்கம் வீடு அமைந்து, மூச்சுத் தொந்தரவு இல்லாத குடும்பமாக இருந்தால் நான் யோசிக்காமல் போயிருப்பேன். எங்களுக்கு மூன்றும் இல்லை. அதே வருஷம் டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினபோது மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் எடுத்தது கன்னங்குறிச்சியில். மலைக்கும் ஊருக்கும் நடுவில், மூக்கனேரிக்குப் பக்கம். வாடகை 11,500. நாங்கள் முதல் மாடி, எங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது, மொட்டை மாடி வெயில் அவர்களுக்கு. படுக்கையறை கிழக்குப் பக்கம். முந்தைய குடும்பத்தின் மே மாத ரீடிங் 460 யூனிட், 1,485 ரூபாய், ஒரு ஏசியோடு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மலைப்பக்கமிருந்து லேசாகக் காற்று இறங்கும், எல்லா நாளும் என்று சொல்ல மாட்டேன். மார்பிள் கிடையாது, சாதா டைல்ஸ். கிச்சனில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். குழாயில் வருகிற மேட்டூர்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது, தினமும் வராது, தொட்டி நிரப்பி வைக்க வேண்டும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை படிகிறது. இதையும் அண்ணன் முன்பே குழாயைத் திறந்து, கையில் சோப்பைத் தேய்த்துக் காட்டியிருந்தார்.

மற்ற செலவுகள் சட்டென்று குறைந்துவிட்டன. காய்கறிக்கு விடியற்காலையில் அஸ்தம்பட்டி உழவர் சந்தை. நானும் மாமியாரும் டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என் ஆபீஸ் கூப்பிட்டால் வந்தே பாரத்தில் காலையில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சென்ட்ரல். கூடின ஒரே செலவு தட்டுவடை செட், பிள்ளைகளுக்குச் சாயங்காலமானால் அது இல்லாமல் முடியாது.

குறை என்று பார்த்தால், போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். விலை குறைந்த வீடுகளைப் பற்றி முதலில் ஆசையாகப் பேசுவார், போய்ப் பார்த்தால் "நேத்துதாங்க போச்சு" என்பார். அது ஒன்றிரண்டு நடந்தபோது கோபம் வந்தது. இதை விட முக்கியமானது, அட்வான்ஸ் பேச்சு வந்தால் அவர் வீட்டு ஓனர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். எங்களிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதைச் சொன்னதும் அண்ணன், "சட்டம் பேசுனா வீடு கிடைக்காதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நேரடியாக வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்து பேசி ஐந்து மாதத்தில் முடித்தேன். ஆகவே வீடு பார்க்க அவரைக் கூட்டிப் போங்கள், பணம் பேசும்போது நீங்களே பேசுங்கள்.

பதினோரு மாதம் முடிந்து ஒப்பந்தம் புதுப்பித்தபோது அரை மாதக் கமிஷன் கேட்டு வந்து நின்றார். புதுப்பிக்க அவர் ஒரு வேலையும் செய்யவில்லை, கொடுக்கவும் இல்லை. காபி குடித்துவிட்டு, போகிற வழியில் எங்கள் ஈபி கார்டை எடுத்துப் பார்த்தார். 470. "ஏசி ரெண்டாவது வாங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.