திரையில் பாஸ், ஷேக்கரில் கோட்டை விட்டது: ஒரு மட் லாகிங் சேவை பற்றி

காவிரிப் படுகையில் 3000 மீட்டர் கிணறு ஒன்றுக்கு அமர்த்திய மட் லாகிங் சேவை இது. தோண்டும்போது கிணற்றுக்குள் சுற்றிவரும் சேற்றுக் கரைசலையும் (மட்), அதோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளையும் (கட்டிங்ஸ்) சோதித்து, கேஸ், எண்ணெய் தெரிகிறதா என்று பதியும் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேறு யூனிட் எடுப்பவர்களும் பார்க்க வேண்டியவை இவைதான். 5க்கு 3 தரலாம்.

கேபின், ஏசி, திரைகள் எல்லாம் புதுசு. மீத்தேனிலிருந்து பென்டேன் வரை குரோமட்டோகிராஃப் சுத்தமாகப் பிரித்துக் காட்டியது. காலிப்ரேஷனும் ஒழுங்காகவே நடந்தது, ஆனால் கேபினில் உள்ள பேனலில் மட்டும். மட்டிலிருந்து கேஸைப் பிரித்து உறிஞ்சும் ட்ராப்பின் வாயில் சிலிண்டர் கேஸை விட்டுப் பார்த்தால்தான் குழாயில் ஓட்டை இருக்கிறதா, கேஸ் கேபினுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதெல்லாம் தெரியும். ட்ராப்பின் உயரமும் அப்படித்தான். துணுக்குகளைச் சலித்தெடுக்கும் ஷேக்கருக்கு முன்னால் உள்ள பெட்டியில் மட் மட்டம் இறங்கினால் ட்ராப் வெறும் காற்றை உறிஞ்சும். நல்ல மணற்பாறையைத் தோண்டும்போதும் கேஸ் கோடு படுத்துக் கிடக்கும். மட்டம் ஏறினால் குழாயில் மட் புகுந்து அடைக்கும். பம்ப் வேகம் மாறும்போதெல்லாம் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இங்கே பகல் ஷிஃப்ட் பார்த்தது, இரவு ஷிஃப்ட் பார்க்கவில்லை.

லேக் டைமில், அதாவது துணுக்கு அடியிலிருந்து மேலே வர ஆகும் நேரத்தில்தான் பெரிய சிக்கல். 2000 மீட்டர் வரை 9⅝ அங்குலக் கேசிங் (கிணற்றுச் சுவராக இறக்கும் இரும்புக் குழாய்), அதன்கீழ் 8½ அங்குலத் துளை, உள்ளே 5 அங்குல பைப், நிமிடத்துக்கு 400 காலன் மட் என்றால், அடியில் வெட்டிய துணுக்கு மேலே வர ஏறக்குறைய 50 நிமிடம். யூனிட்டின் மென்பொருளும் அதைத்தான் சொன்னது. ஆனால் திறந்த துளை அரித்துப் போய்ச் சராசரி 10 அங்குலம் ஆகிவிட்டால் இன்னும் 9 நிமிடம் கூடும். மணிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது 3 மீட்டர் பிழை. 2 மீட்டருக்கு ஒரு சாம்பிள் எடுக்கும் இடத்தில், மணல் தவறான பைக்குள் போய்விடும். இதைப் பிடிக்கக் கார்பைட் சோதனை போதும். பைப் இணைக்கும்போது காகிதத்தில் சுற்றிய கால்சியம் கார்பைடை உள்ளே போட்டால், தண்ணீர் பட்டு அசெட்டிலீன் கிளம்பி, சுற்றி வந்து திரையில் முள்ளாக நிற்கும். மொத்த நேரத்தில் பைப்புக்குள் இறங்கும் 18 நிமிடத்தைக் கழித்தால் உண்மையான லேக். ஆயில் மட்டில் இது வேலைக்கு ஆகாது. இந்தக் குழு கேட்டால் செய்தது, தானாகச் செய்யவில்லை.

ஷேக்கர்தான் மோசம். ஷேக்கர் அடியில் பலகை வைத்து, 2 மீட்டருக்கும் சேர்ந்து விழுந்த கட்டிங்ஸைக் கலந்து அள்ளி, பிறகு பலகையைக் கழுவி வைக்க வேண்டும். சாம்பிள் நேரத்தில் ஓடிப்போய்ச் சல்லடையில் ஒரு கை அள்ளினால், பையில் இருப்பது கடைசி அரை மீட்டர் பாறை மட்டுமே. கழுவுவதிலும் அவசரம்: குழாயைப் பலமாகத் திறந்துவிட்டதால் மென்களிமண் கரைந்தோடி, களிமண் அடுக்கெல்லாம் லாகில் (ஆழவாரிப் பதிவில்) மணலாகத் தெரிந்தது. பிடிசி பிட் (செயற்கை வைரப் பற்கள் கொண்ட துளைமுனை) மாவாக அரைத்துத் தரும் கட்டிங்ஸுக்கு இந்த அவசரம் இன்னும் ஆபத்து.

எண்ணெய் ஒளிர்கிறதா என்று பார்க்கும் யூவி (புற ஊதா விளக்கு) பெட்டியில் திரைத்துணி கிழிந்திருந்தது, பகல் வெளிச்சம் புகுந்தது. மங்கலான ஒளிர்வு தெரியாமல் போக அதுவே போதும். ஒளிர்வதெல்லாம் எண்ணெயும் அல்ல. கால்சைட்டும் ஒளிரும், பைப் கிரீஸும் ஒளிரும். துணுக்கைக் குழித்தட்டில் வைத்துச் சில சொட்டுக் கரைப்பான் விட்டால், எண்ணெய் கரைந்து நீளும், கால்சைட் அப்படியே இருக்கும். கிரீஸும் கரைவதால் அதன் மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முதலில் வெறும் கரைப்பானையே யூவியில் பார்ப்பதும் கட்டாயம். இங்கே புட்டியே லேசாக ஒளிர்ந்தது. எண்ணெய் சந்தேகமுள்ள சாம்பிளை விளக்கில் காயவைக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. சூட்டில் லேசான பகுதி பறந்துவிடும்.

மறுபடி எடுப்பதானால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டியவை: ஷிஃப்டுக்கு இரண்டு சாம்பிள் ஆட்கள், உபரி ட்ராப் மோட்டார், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு கார்பைட் சோதனை, ட்ராப்பிலிருந்தே காலிப்ரேஷன். திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.